கறுப்பு பிஸ்டைத் தாண்டியவர் அடுத்து எந்த மலைக்குப் போகலாம்?

சுவிஸில் பேர்ன் நகரில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர், உப்புவெளியில் இருக்கும் அம்மம்மாவைப் பார்க்கத் திருகோணமலைக்கு வந்திருந்தபோது என்னிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன கேள்வி இது: “ஐந்து வயதிலிருந்து பனிச்சறுக்கு விளையாடுகிறேன். கறுப்பு பிஸ்ட் எதுவும் இப்போது எனக்குச் சிரமமில்லை. உண்மையிலேயே கடினமான மலைகள் எவை? எந்த ஒழுங்கில் போகலாம்? அடுத்த பெப்ரவரியில் ஊருக்கு வரும்போது காஷ்மீருக்கும் போய்ச் சறுக்க முடியுமா?” நான் வலே மாநிலத்தில் கேபிள் கார் நிறுவனம் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவன். பிற்காலத்தில் பிஸ்ட், அதாவது குறியிட்ட சறுக்குப் பாதைகளின் காவற்குழுவுக்கு உதவியாளாக இருந்தேன். ஊர் திரும்பிய பிறகும் அந்த மலைகளின் செய்திகளைப் படிக்காமல் எனக்குக் குளிர்காலம் கழிவதில்லை. ஆகவே விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

தம்பி, பத்து மலைகளின் பெயரை எழுதித் தருவது எளிது. ஆனால் பெயர்ப்பட்டியலைப் பார்த்துக்கொண்டு மலைக்கு வந்தவர்களைத்தான் நாங்கள் அதிகமாகத் தேடிக் கீழே கொண்டுவந்திருக்கிறோம். அதனால் பெயர்களுக்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீங்கள் சறுக்கப்போகும் சரிவுக்கு யார் பொறுப்பு? ஒரு மலை எவ்வளவு கடினம் என்பதைக் கணிக்க நான் முதலில் கேட்பது இதைத்தான். செங்குத்து எவ்வளவு என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

நிறங்களை வைத்து இதற்கு விடை காண முடியாது. நீலம் (எளிது), சிவப்பு (நடுத்தரம்), கறுப்பு (கடினம்) என்ற பிரிவுகளை அந்தந்த இடத்தை நடத்துகிறவர்கள் தங்கள் மலையின் மற்றப் பாதைகளோடு ஒப்பிட்டே இடுகிறார்கள். ஒரு சிறிய மலையின் கறுப்பு, பெரிய மலைக்குப் போனால் சிவப்பாகிவிடும். ஒஸ்ரியாவில் மயர்ஹோஃபனில் இருக்கும் ஹராகிரி 78 சதவீதச் சரிவு கொண்டது. எண்ணைக் கேட்டவுடன் சுவர் ஒன்று மனதில் எழும். 45 பாகைதான் 100 சதவீதம் என்பதால், 78 சதவீதம் ஏறத்தாழ 38 பாகை மட்டுமே. கம்பிவடத்தில் பிணைத்த இயந்திரத்தைக் கொண்டு அதையும் சீர்செய்து வைக்கிறார்கள். பனி இறுகியிருக்கும் காலை நேரத்தில் அங்கே விழுந்தால் நெடுந்தூரம் வழுக்கிக்கொண்டு போக நேரிடும் என்பது உண்மை. ஆயினும் விழுந்தவரைத் தூக்க ஆட்கள் வருவார்கள், மேலேயிருந்து பனி சரிந்து விழாதபடி காலையிலேயே பார்த்திருப்பார்கள். சம்பெரிக்கு மேலே சுவிஸ்–பிரான்ஸ் எல்லையில் உள்ள ஷவனெட் வேறு வகை. ‘சுவிஸ் சுவர்’ என்று எல்லாரும் சொல்வது அதைத்தான். இயந்திரம் அதில் இறங்குவதில்லை. சறுக்கிப் போகிறவர்கள் திரும்பித் திரும்பியே ஆளுயரத்துக்கு மேடுகள் எழுந்துவிடும், இடையில் நின்று இளைப்பாறவும் இடமிராது. இவ்விரண்டையும் தயக்கமின்றி இறங்குகிறீர்கள் என்றால் உங்கள் கால்கள் தயார். பனியைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான் இனி உங்களுக்கு வேண்டும்.

இப்போது பொறுப்பு என்று சொன்ன விடயத்துக்கு வருகிறேன். கனடாவிலும் அமெரிக்காவிலும் எல்லைக் கயிற்றுக்கு உள்ளே திறந்துவிடப்பட்ட மலை முழுவதும் காவற்குழுவின் கவனிப்பில் இருக்கிறது. இயந்திரம் போகாத இடுக்கு, மரங்களுக்கு நடுவிலான சரிவு, பாறைகளுக்குக் கீழுள்ள கிண்ணம் போன்ற குழிவு எல்லாம் இதில் அடங்கும். காலையில் வெடிவைத்துப் பனியை இறக்கி, சோதித்துப் பார்த்த பிறகே திறப்பார்கள். நம்பிக்கை வராவிட்டால் அந்தப் பகுதி மூடியே இருக்கும். அல்ப்ஸில் நிலைமை வேறு. குறிக்கம்பங்களுக்கு இடையில் உள்ள பிஸ்ட் மட்டுமே அங்கே பாதுகாக்கப்பட்டது. கம்பத்தைத் தாண்டி நாலு எட்டு வைத்தால், தலைக்கு மேலே கேபிள் கார் ஓடிக்கொண்டிருந்தாலும், நீங்கள் காட்டு மலையில்தான் நிற்கிறீர்கள். அந்தப் பக்கம் வெடிவைத்தார்கள் என்றால் அது கீழே இருக்கும் பிஸ்டைக் காப்பதற்காக, உங்களுக்காக அல்ல. கனடாவில் பழகிய நல்ல விளையாட்டுக்காரர்கள் அல்ப்ஸுக்கு வந்து ஏமாறுவது இந்த இடத்தில்தான். மற்றவர்கள் சறுக்கிய தடம் கண்ணுக்கு எதிரே கிடக்கும், லிஃப்ட் பக்கத்தில் இருக்கும், பாதுகாப்பான இடம் என்றே மனம் சொல்லும்.

சுவிஸில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வகை உண்டு: வரைபடத்தில் மஞ்சள் நிறத்தில் காட்டப்படும் பாதைகள். குறியிடப்பட்டிருக்கும், பனிச்சரிவு (மேலிருந்து பனி சரிந்து விழுவது) ஆபத்து இருந்தால் மூடிவிடுவார்கள். ஆனால் இயந்திரம் சீர்செய்யாது, மாலையில் கடைசியாக ஒருவர் வந்து பார்த்துப் போகவும் மாட்டார். உங்களைப் போன்றவர் தொடங்க வேண்டியது இந்த மஞ்சள் பாதைகளில்தான். சீர்செய்யாத பனி ஒரே நாளில் எத்தனை விதமாக மாறுகிறது என்பதை அங்கே உயிரைப் பணயம் வைக்காமல் கற்றுக்கொள்ளலாம்.

இனி ஒழுங்கு. பேர்னில் இருந்து போகிறவருக்கு என் முதல் தெரிவு அந்தர்மத். அங்கே கெம்ஸ்ரொக் மலையின் 2,961 மீற்றர் உச்சிக்குக் கேபிள் கார் போகிறது, கிராமம் 1,444 மீற்றரில் இருக்கிறது. வடக்குப் பார்த்த சரிவு என்பதால் பனி நீண்ட நாட்களுக்கு மென்மை கெடாமல் கிடக்கும். அதே காரணத்தால் பனிக்குள் இருக்கும் பலவீனமான அடுக்குகள் இறுகுவதற்கும் நாளாகும். இந்த இரண்டு உண்மைகளும் ஒரே சரிவில் சேர்ந்து இருப்பதை நேரில் உணர அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

அடுத்தது எங்கல்பேர்க். திற்லிஸ் மலையில் இருந்து இறங்கும் வழிகளில் ‘லாவுப்’ என்ற ஒரு சரிவு இருக்கிறது. ஆயிரம் மீற்றருக்கு மேற்பட்ட இறக்கம், கிட்டத்தட்ட ஒரே சீரான சாய்வு, ஒரே முகம். பார்க்கப் பட்டுத்துணி விரித்ததைப் போல இருக்கும் அந்த அழகில்தான் ஆபத்தும் இருக்கிறது. மேடுபள்ளம் இல்லாத அகன்ற முகத்தில் பனித்தகடு ஓரிடத்தில் உடைந்தால் முழுவதுமாக உடைந்து வரும், ஒதுங்கி நிற்க ஒரு திட்டுக்கூட இல்லை. எங்கல்பேர்க்கில் பனியாறும் உண்டு. அந்தப் பக்கத்துக்கு வழிகாட்டி இல்லாமல் போகாதீர்கள்.

மூன்றாவதாக வெர்பியே. நான் வேலை செய்த மாநிலம் என்பதால் எனக்குப் பாசம் கூடத்தான், ஆனால் பாசத்தால் மட்டும் சொல்லவில்லை. 3,330 மீற்றர் மொன் ஃபோர் உச்சியில் இருந்து இறங்கும் பனிமேடுகள் நிறைந்த சரிவு, தோர்த்தன் பக்கத்து மஞ்சள் பாதை, பிஸ்டே இல்லாத மொன் ஜெலே, மொன் ஃபோரின் பின்பக்கம் என்று படிப்படியாகக் கடினம் கூட்டிக்கொண்டு போக அங்கே வழி இருக்கிறது. எதிரே நிற்கும் பெக் டி றொஸ் என்ற பாறைமுகத்தில்தான் 1996 முதல் உலகின் தலைசிறந்த வீரர்கள் போட்டியிட்டு வருகிறார்கள். அவர்கள் எப்படித் தயாராகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். முன்கூட்டி அந்த முகத்தில் சறுக்கிப் பார்க்க அவர்களுக்கு அனுமதி கிடையாது. எதிர்ப்பக்கத்தில் நின்று தொலைநோக்கியால் மணிக்கணக்காகப் பார்த்து, எந்தப் பாறைக்கு இடப்பக்கம் திரும்புவது, எங்கே குதிப்பது, குதித்தபின் எங்கே வேகத்தைக் குறைப்பது என்று மனதில் எழுதிக்கொள்வார்கள். பின்பு நடந்து ஏறுவார்கள். மேலே நிற்கும்போது அவர்கள் கண்ணுக்குக் கீழ்ச்சரிவு தெரியாது. அந்த அளவுக்குச் செங்குத்து. உங்கள் வயதில் இருப்பவர்கள் காணொளியில் குதிப்பதை மட்டும் பார்க்கிறார்கள். அந்தத் தொலைநோக்கி நேரத்தைத்தான் நான் பார்க்கச் சொல்வேன்.

ஒஸ்ரியாவின் சென் அன்ரனும் இந்த வரிசையில் வரும். வல்லூகா உச்சிக்குப் போகும் கடைசிச் சின்னக் கேபிள் காரில் பனிச்சறுக்குப் பலகையோடு ஏற வேண்டுமானால் வழிகாட்டி கூட வர வேண்டும். இல்லாதவர் வெறுங்கையோடு போய்க் காட்சி பார்த்துவிட்டுத் திரும்பலாம். வடக்குப் பக்கமாக இறங்கினால் ட்சூர்ஸ் கிராமம். இந்தக் கட்டுப்பாட்டை எல்லா மலைகளும் பின்பற்றினால் நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

பிரான்சில் உள்ள ஷமொனி நான்காவது. அது ஒரு தனி உலகம், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1924 இல் முதலாவது குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். ஏகுய் டு மிடி கேபிள் கார் உங்களைச் சில நிமிடங்களில் 3,800 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். வெளியே வந்தவுடன் இருபக்கமும் பள்ளமான குறுகிய பனிமுகடு. காலணிக்கு இரும்பு முட்கள் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி நடந்து இறங்க வேண்டும். அங்கிருந்து தொடங்கும் வலே புளோன்ஷ் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் நீளம். சாதாரண வழியால் போனால் சாய்வு அதிகமில்லை, சிவப்பு பிஸ்டைச் சமாளிப்பவர்கூட இறங்கிவிடலாம். ஆனால் முழு வழியும் பனியாற்றின் மேலே. மெல்லிய பனி மூடிய பிளவுகள் எத்தனையோ மீற்றர் ஆழத்துக்கு வாய் திறந்து கிடக்கும், மேலே ஒரு வித்தியாசமும் தெரியாது. குறிக்கம்பம் கிடையாது, காவற்குழு கிடையாது. சாய்வு குறைவு, ஆபத்து கூடுதல் என்று நான் முதலில் சொன்னதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பனியாறு ஆண்டுக்கு ஆண்டு தாழ்ந்துகொண்டே போவதால் அடியில் ஏறி வெளியேறும் படிக்கட்டுகளும் 2024 வரை கூடிக்கொண்டே வந்தன.

செங்குத்து வேண்டுமென்றால் ஷமொனியில் கிரான் மொன்தே பக்கம் புகழ்பெற்றது. 2018 செப்டெம்பரில் நடுநிலையம் தீப்பற்றியதோடு 3,275 மீற்றர் உச்சிக்குப் போய்வந்த கேபிள் கார் நின்றுபோனது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே திட்டமிடுங்கள். செங்குத்து மலை இடுக்குகளில் சறுக்கும் கலைக்கே இந்தப் பள்ளத்தாக்குதான் பிறப்பிடம் என்று சொல்லலாம். சில்வன் சூடான் என்ற சுவிஸ்காரர் 1967 இல் இங்கே ஸ்பென்சர் இடுக்கில் இறங்கினார். அது நடக்கக்கூடிய காரியம் என்று அதுவரை யாரும் நினைத்திருக்கவில்லை. 1982 இல் அவரே 8,000 மீற்றருக்கு மேற்பட்ட ஹிடன் பீக் உச்சியில் இருந்து பலகையில் இறங்கினார்.

லா கிறாவ் கடைசி. லா மெய்ஜ் மலையின் காலடியில் 1,450 மீற்றர் உயரத்தில் உள்ள சிறு பிரெஞ்சுக் கிராமம். கேபிள் கார் 3,200 மீற்றர் வரை ஏறும். இறங்கும் முகத்தில் சீர்செய்த பிஸ்ட் இல்லை, வழிக்குறி இல்லை. சில வழிகள் கீழே போகப் போகப் பாறை விளிம்பில் முடிகின்றன, கயிற்றில்தான் இறங்க வேண்டும். டக் கூம்ஸ் என்ற அமெரிக்கர் இரண்டு முறை உலகச் செங்குத்துச் சறுக்கு வெற்றியாளர், அலாஸ்காவில் ஹெலிகொப்டர் வழிகாட்டியாக இருந்தவர், பிற்காலத்தில் லா கிறாவிலேயே குடியிருந்தவர். அந்த மலையை அவரளவுக்கு அறிந்தவர்கள் சிலரே. 2006 ஏப்ரலில் ஓர் இடுக்கில் விழுந்த நண்பரைப் பார்க்க விளிம்புக்குப் போய்த் தானும் தவறி விழுந்து இறந்தார். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அங்கே முதல் தடவை போகும்போது உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று சொல்லவே எழுதுகிறேன். செலவை நான்கு பேர் பகிர்ந்துகொண்டால் தாங்கக்கூடியதுதான்.

பனிச்சரிவு பற்றி. பெரும்பாலானவை 30 முதல் 45 பாகை வரையான சரிவுகளில் நிகழ்கின்றன. நல்ல விளையாட்டுக்காரர்கள் விரும்பித் தேடுவதும் அதே சாய்வைத்தான், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. சுவிஸ் அரசின் வரைபடத்தில் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளை நிறமிட்டுக் காட்டும் வசதி உண்டு. முதல்நாள் இரவே அதைத் திறந்து உங்கள் வழியை அதன்மேல் வைத்துப் பாருங்கள். டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கும் காலை 8 மணிக்கும் ஆபத்து அறிக்கை வெளியிடுகிறது. ஐந்து நிலைகளில் மூன்றாவது நிலைதான் ஆட்களை அதிகம் ஏமாற்றுகிறது. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம் என்று எண்ணிவிடுகிறார்கள். பனிச்சரிவு மரணங்களில் ஏறத்தாழப் பாதி அந்த மூன்றாம் நிலை நாட்களிலேயே நடக்கின்றன.

காற்றை மறக்கக் கூடாது. நிலாவெளியில் கடற்றொழிலாளர்கள் வாடையா, சோழகமா, கச்சானா என்று பார்த்துவிட்டே தோணியைத் தள்ளுவதைப் போல, மலையில் நேற்று எந்தத் திசையில் காற்று வீசியது என்று தெரியாமல் பிஸ்டை விட்டு வெளியேறக் கூடாது. காற்று ஒரு பக்கத்துப் பனியை அள்ளி முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் கொட்டுகிறது. வானம் தெளிந்திருந்தாலும், புதிதாகப் பனி விழாவிட்டாலும், அந்த மறுபக்கத்தில் ஓரிரவில் தடித்த தகடு உருவாகிவிடும். காலுக்கு இறுக்கமாக இருக்கும், தட்டினால் டம்மென்று ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டால் திரும்பிவிடுங்கள். பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்தப் பனிச்சரிவைத் தூண்டிவிட்டது அவர்களோ அவர்களுடன் வந்தவரோதான். எனவே தவிர்க்கவும் முடியும்.

புதைந்தவரைப் பத்து நிமிடங்களுக்குள் தோண்டி எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு செங்குத்தாக விழுகிறது. ஹெலிகொப்டர் எவ்வளவு விரைவாக வந்தாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துசேர்வது அரிது. அதனால் உங்களைக் காப்பாற்றப் போவது கூட வரும் நண்பர்தான். சமிக்ஞை அனுப்பிப் பெறும் தேடற்கருவி, மடிக்கும் துழாவுகோல், உலோக மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவரின் முதுகிலும் இருக்க வேண்டும். வாங்கி வைத்தால் போதாது. மண்வெட்டியால் இறுகிய பனியை வெட்டிப் பார்த்தவருக்கே அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும். சுவிஸ் மலைக்கழகம் பயிற்சி நடத்துகிறது, நவம்பரிலேயே பதிவுசெய்யுங்கள். மீட்பு ஹெலிகொப்டர் சேவையான றேகாவின் இலக்கம் 1414, வலே மாநிலத்தில் 144.

காப்புறுதி பற்றியும் ஒரு வார்த்தை. சுவிஸில் வேலை செய்பவருக்கு விபத்துக் காப்புறுதி உண்டு என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். பிஸ்டுக்கு வெளியே, வழக்கமான பாதுகாப்பு விதிகளை மோசமாக மீறிச் சறுக்கியதாக முடிவானால் பணக்கொடுப்பனவைப் பாதியாகக் குறைக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு உரிமை இருக்கிறது. அறிக்கை பார்த்தீர்களா, கருவி கொண்டுபோனீர்களா என்பதெல்லாம் அப்போது கேள்வியாக வரும்.

ரொறன்ரோவில் இருக்கும் உங்கள் மச்சானோடு போக எண்ணினால், ஒன்ராறியோவின் சிறு குன்றுகளில் நேரத்தைச் செலவழிக்காமல் மேற்கே பறந்துவிடுங்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ரெவெல்ஸ்ரோக் 1,713 மீற்றர் இறக்கம் கொண்டது, வட அமெரிக்காவில் அதுதான் மிகப் பெரியது. அமெரிக்காவில் ஜாக்சன் ஹோல் போதும். அங்கே கோர்பெற் இடுக்கின் வாயில் பனி விளிம்பில் இருந்து குதித்தே உள்ளே இறங்க வேண்டும், குதித்த கையோடு திரும்பாவிட்டால் எதிரே பாறை. கயிற்றுக்கு உள்ளே இருப்பதால் அது திறந்திருக்கும் நாளில் பனியைப் பற்றிய கவலை குறைவு, உங்கள் திறமையை மட்டும் சோதிக்கலாம். அந்த வகையில் வெர்பியேயின் பின்பக்கத்தைவிட அது உங்களுக்கு ஏற்றது என்றுகூடச் சொல்வேன்.

காஷ்மீர். முடியும், பெப்ரவரிதான் சரியான மாதமும். திருகோணமலையில் இருந்து கொழும்பு, கொழும்பில் இருந்து டெல்லி, அங்கிருந்து ஸ்ரீநகர். பனிச்சறுக்கு நடக்கும் குல்மார்க் ஸ்ரீநகரில் இருந்து சுமார் 50 கிலோமீற்றர். 2,650 மீற்றரில் இருக்கும் அந்த ஊரில் இருந்து இரண்டு கட்டமாக ஏறும் கேபிள் கார் அஃபர்வத் மலையின் தோளில், 3,900 மீற்றருக்கும் மேலே, கொண்டுபோய் விடுகிறது. கடல்மட்டத்தில் இருக்கும் நம்மூரில் இரண்டு வாரம் இருந்துவிட்டு நேரே அந்த உயரத்துக்குப் போகாதீர்கள். ஊரில் இரண்டு நாள் தங்கி, முதற்கட்டத்தில் மட்டும் சறுக்கி உடலைப் பழக்குங்கள். மேலே, கேபிள் காருக்குக் கீழுள்ள கிண்ணத்தை மட்டுமே காவற்குழு வெடிவைத்துக் கவனிக்கிறது. இருபக்கமும் விரியும் சரிவுகள் அல்ப்ஸைப் போலவே உங்கள் பொறுப்பு, ஆனால் அல்ப்ஸில் இருக்கும் மீட்பு வசதி அங்கே இல்லை. 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பெப்ரவரிப் பனிச்சரிவுகளில் வெளிநாட்டவர் இறந்தார்கள்.

எல்லைக் கட்டுப்பாட்டுக் கோடு பக்கத்தில் இருப்பதால் இராணுவம் எங்கும் நிற்கும், பயண அறிவுறுத்தலைக் கிழமைக்குக் கிழமை பாருங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியையும் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் சிறு கருவியையும் அனுமதியின்றி இந்தியாவுக்குக் கொண்டுபோவது குற்றம். அல்ப்ஸில் பையோடு கொளுவிப் பழகியிருப்பீர்கள், அதைக் கழற்றி உப்புவெளி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். டெல்லியில் வாங்கும் முற்கொடுப்பனவு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது. தேடற்கருவி, துழாவுகோல், மண்வெட்டி மூன்றையும் பேர்னில் இருந்தே கொண்டுவாருங்கள். விமான நிலையத்தில் கேட்டால் காட்டுவதற்குத் தேடற்கருவியின் கையேட்டையும் கூட வைத்திருங்கள்.

உங்கள் அம்மம்மா கோயிலடியில் என்னைக் கண்டு, “பிள்ளை போறது ஆபத்தான இடமோ?” என்று கேட்டார். வழிகாட்டியோடு போகிறார் என்று சொல்லியிருக்கிறேன். குல்மார்க்கில் முதல் மூன்று நாட்களுக்காவது ஒருவரை அமர்த்தி, அவருடைய பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் புறப்படுவதற்கு முன் எனக்கு அனுப்பிவிடுங்கள்.